சகலை சொன்ன கேம் ஷாஃப்ட்

கேம் ஷாஃப்ட்டைப் பற்றி என் சகலை சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. சொந்தக்காரர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லித்தான் என் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். "அவர் உனக்கு நல்லதுதானே சொன்னார்?" என்கிறார்கள். நல்லதுதான் சொன்னார். யாருக்கு நல்லது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

சகலை என்றால் என் மனைவியின் அக்காள் கணவர். பர்மாவில், ரங்கூனுக்கு வெளியே ஷ்வேப்யிதா தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தார். நான் நகருக்குள் ஒரு பஸ் லைனின் கராஜில் இஞ்சின் மெக்கானிக். போர்க்காலத்து லாரிகளுக்கு மரக்கூடு கட்டி அதைப் பஸ் என்று ஓட்டிய தொண்ணூறுகள் அவை. யாங்கோன் என்று பலகைகளை மாற்றி எழுதியிருந்தார்கள். எங்கள் வாயில் ரங்கூன்தான். சகலை வயதில் எனக்கு மூத்தவர். பேச்சில் அப்படி ஓர் இனிப்பு. எதைக் கேட்டாலும் "யாபாதே" என்பார். பரவாயில்லை, ஆகட்டும் என்று பர்மியர்கள் சொல்வது அது. அவர் சொன்னால் பாதி வேலை முடிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

கார் எனக்கு வந்த விதம் இது. ஒரு பர்மிய டாக்டரின் ஜீப்பை வருடக்கணக்கில் நான் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் காலமான பிறகு அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் கிடந்ததைக் காட்டினார். இரண்டு கதவு வைத்த நீளமான அமெரிக்க வண்டி. எந்தத் தூதரகத்து ஆளோ விட்டுவிட்டுப் போனதாம். பின் சீட்டில் கோழி முட்டை இட்டிருந்தது. "எடுத்துக்கொண்டு போ, கோழிக்கு வேறு இடம் பார்க்கிறேன்" என்றார். மூடியைத் திறந்தேன். எட்டு சிலிண்டர், நாலு நாலாக இரண்டு பக்கமும் சாய்ந்து நின்றன. என் வாழ்க்கை முழுக்க மற்றவர்களின் இஞ்சின்களுக்குள் கை விட்டவன் நான். அன்றைக்குத்தான் ஓர் இஞ்சின் எனக்கென்று வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஒளிப்பானேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். ஆனால் ஊரில் ஓடுகிற ஜப்பான் வண்டிகளுக்கெல்லாம் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்ட வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். என் வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். ரங்கூனிலேயே சாலைக்குப் பொருத்தமான வண்டி என்னுடையதுதான் என்று கராஜில் பெருமை அடித்துக்கொள்வேன். ஓடினால்தானே தாண்டுவதற்கு என்று அவர்கள் சிரிப்பார்கள்.

ஆனால் வண்டியை என் பெயரில் எழுத முடியவில்லை. என் குடியுரிமை அட்டையின் நிறம் சரியில்லை. எங்கள் தமிழ் ஆட்கள் பலருக்கு இதே கதைதான். தாத்தா காலத்திலிருந்து இந்த மண்ணில் கிடந்தாலும் முழுக் குடிமகன் அட்டை சிலருக்குத்தான் வாய்த்தது. சட்டம் என்ன சொல்லிற்றோ, எனக்குத் தெரியாது. என் அட்டையை நீட்டினால் கேள்விமேல் கேள்வி வரும் என்பது தெரியும். அதனால் வீடோ வண்டியோ எதுவானாலும் நல்ல அட்டை வைத்திருக்கும் சொந்தக்காரர் பெயரில் எழுதுவது எங்களுக்குள் வழக்கம். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். சகலையின் அம்மா பர்மியப் பெண். அதனால் சகலைக்கு நல்ல அட்டை இருந்தது. வண்டி பதிவு ஆபீஸ் வாசலில் வைத்து என் தோளில் கை போட்டுச் சொன்னார்.

"பேருதான் என்னுது, சகல. வண்டி உன்னுது. யாபாதே."

வண்டி அவருடைய பட்டறைக்குப் போனது. என் வீடு மாடியில் இருந்தது. வண்டி நிறுத்த இடம் ஏது? ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஷ்வேப்யிதாவுக்குப் போய்விடுவேன். இஞ்சினைக் கழற்றி இரும்புத் தாங்கியில் ஏற்றிப் பிரித்தபோது நோய் தெரிந்தது. கேம் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது.

இஞ்சின் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேம் ஷாஃப்ட் என்பது இஞ்சினுக்குள் சுற்றுகிற ஒரு தண்டு. அதில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். மேடு வந்து தள்ளினால் வால்வு திறக்கும், கடந்துபோனால் மூடும். என்னுடையது டர்போ, கிர்போ என்று காற்றை வெளியிலிருந்து திணிக்கிற சாமான் எதுவும் இல்லாத இஞ்சின். மூச்சைத் தானே இழுக்க வேண்டும்; இழுத்ததை எவ்வளவு நசுக்குகிறது என்பதைக் கம்ப்ரெஷன் என்போம். எவ்வளவு இழுக்கும், எப்போது விடும் என்பதெல்லாம் அந்த மேடுகளின் உயரத்திலும் அகலத்திலும் இருக்கிறது. கேமை மாற்றினால் இஞ்சினின் குணமே மாறிவிடும்.

மனைவியின் சித்தப்பா மகன் ஒருவன் கப்பலில் வேலை பார்த்தான். சிங்கப்பூர் கடையில் சொல்லி அமெரிக்காவிலிருந்து வரவழைக்கலாம் என்றான். ஆனால் ஒரே ஒரு கேம்தான், திருப்பிக் கொடுக்க முடியாது, பார்த்துச் சொல்லுங்கள் என்றான். அந்த ஒன்று எது என்பதுதான் அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் பேச்சு.

எனக்கு என்ன வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பான்சோடான் தெருவின் நடைபாதைக் கடைகளில் பழைய அமெரிக்க மோட்டார் பத்திரிகைகள் கிடைக்கும். அவற்றை எழுத்துக் கூட்டிப் படித்து என் தலையில் பெரிய கேம் ஏறி உட்கார்ந்திருந்தது. மேடு உயரமானது, வால்வு நிறையத் திறந்து நிறைய நேரம் திறந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டி நின்ற இடத்தில் சும்மா நிற்காது. குலுங்கும், உறுமும், அணைந்துவிடப்போகிறது என்று பயமுறுத்தும். மெதுவாகப் போனால் உயிரே இருக்காது. ஆனால் இஞ்சின் வேகம் ஏறிவிட்டால் ஆளைச் சீட்டோடு அழுத்தும். நகருக்கு வடக்கே மாவ்பி போகிற சாலையில், காலி இடத்தில், ஒரே ஒரு தடவை மிதியைத் தரை தொடும்வரை மிதிக்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இருக்கவில்லை.

சகலை பட்டறைத் தகரத்தின் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு பொறுமையாகப் பேசினார். மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"பெரிய கேம் போட்டா கம்ப்ரெஷன் ஏத்தணும். ஏத்தினா நல்ல பெட்ரோல் வேணும். இங்க நமக்குக் கிடைக்கிற பெட்ரோல் என்ன பெட்ரோல், சகல? ரேஷன்ல குடுக்கிறது ஒரு வாய். மிச்சமெல்லாம் ரோட்டோரம் பாட்டில்ல விக்கிறான். அதுல பாதி மண்ணெண்ணெய். இஞ்சின் டகடகன்னு அடிச்சே செத்துடும்."

உண்மை.

"சரி, அப்படியே போட்டாலும் எங்க ஓட்டுவ? சூலே பகோடா பக்கம் பஸ்ஸுக்குப் பின்னால நிக்கவா? கீழ் வேகத்துல இழுக்கிற கேம் போடு. லாரி மாதிரி இழுக்கணும். பிரேக்குக்கும் இஞ்சின் உறிஞ்சித்தான் பலம் வருது. பெரிய கேம்ல அந்த உறிஞ்சல் இருக்காது. பிரேக் பிடிக்காம நீ போய் எவன்மேலயாவது ஏத்தினா என் கொழுந்தியாவுக்கு யாரு பதில் சொல்றது?"

அதுவும் உண்மை. இவ்வளவு விவரமாகப் பேசுகிறாரே, லேத்தோடு நிற்கிற ஆளுக்கு இஞ்சின் மேல் எப்போது இவ்வளவு அக்கறை வந்தது என்று நான் யோசிக்கவில்லை. என் வண்டிக்காக இவ்வளவு படித்திருக்கிறாரே என்று உருகிப்போனேன்.

இன்னொன்றையும் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். புகை வெளியே போகிற வால்வு மூடி முடிப்பதற்குள் காற்று உள்ளே வருகிற வால்வு திறக்கத் தொடங்கிவிடும். ஒரு கண நேரம் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும். பெரிய கேமில் அந்த நேரம் அதிகம், சின்ன கேமில் குறைவு. "ரெண்டும் சேந்து தொறந்திருக்கிறது கம்மியா இருக்கணும், சகல. எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது" என்பார். ஏன் என்று கேட்டால், "புகை திரும்பி உள்ள வரக் கூடாது பாரு" என்பார். நானும் தலையாட்டினேன்.

கடைசியில் சின்ன கேமுக்கு ஒப்புக்கொண்டேன். பத்திரிகைகளைக் கட்டி மனைவியிடம் கொடுத்துப் பழைய காகிதக்காரனுக்குப் போடச் சொன்னேன். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இஞ்சினின் மேல்பாதியான ஹெட்டுக்கு அடியில் தடிமனான காஸ்கெட் போடலாம், கம்ப்ரெஷன் இன்னும் இறங்கும், எந்தப் பெட்ரோலும் குடிக்கும் என்றார். போட்டேன். இஞ்சினின் உடம்பான பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் ஓடுகிற இடங்களை மூடும் வட்டத் தகடுகள் உண்டு. அவை இரும்பில் வரும். அவர் பித்தளையில் கடைந்துவைத்திருந்தார். எதற்குப் பித்தளை என்றேன்.

"துருவே பிடிக்காது. உனக்காக ஒக்காந்து கடைஞ்சேன்."

பித்தளை பளபளவென்று மின்னியது. வண்டி வைத்திருக்கும் எவனுக்கு இப்படி ஒரு சகலை வாய்ப்பார் என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

கப்பல்காரன் கேம் ஷாஃப்ட்டைத் தன் பழைய சட்டைகளில் சுற்றி, கிரீஸ் பூசிக் கொண்டுவந்தான். அதை உள்ளே விட்ட அன்று நான் யாரையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. ஒரு தகரத் தட்டை வட்டமாக வெட்டி, பாகை கீறி, முன்னால் மாட்டி, வால்வு திறக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். போல்ட்டுகள் அத்தனையையும் என் கையால்தான் இறுக்கினேன். ஒரு மாலையில், வண்டிக்குள் ஏற்றாமல் தாங்கியிலேயே வைத்து, சைலன்சர் இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம். தெருவே திரும்பிப் பார்த்தது. உறுமல் இல்லை, குலுக்கல் இல்லை. கனமான, சீரான, அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். நான் கேட்க ஆசைப்பட்ட சத்தம் இல்லைதான். ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இடப்பக்க வரிசையில் மூன்றாவது இடத்தில் மட்டும் வால்வைத் தள்ளுகிற டேப்பெட் ஒன்று டிக் டிக் என்றது. கொஞ்சம் தளர்வாக விட்டிருந்தேன். நன்றாகச் சூடேறி ஓடிய பிறகு சரிசெய்யலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தேன்.

அந்த வாரத்தில் மாவ்பியிலிருந்து ஆள் வந்தது. என் பெரியப்பா தவறிவிட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை, காரியம் செய்ய நான்தான். கருமாதி முடிந்து, நிலத்தைப் பற்றிய சண்டையும் முடிந்து, நான் திரும்ப நாளாகிவிட்டது. வந்து குளித்துச் சாப்பிட உட்காருவதற்குள் சகலை படியேறி வந்தார். என் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"போச்சு, சகல. உனக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு நீ வர்றதுக்குள்ள வண்டியில ஏத்தி வைக்கலாம்னு, சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். உள்ள ஒரு ராடு கழண்டு பிளாக்கைப் பொத்துக்கிட்டு வந்துடுச்சு."

சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். பட்டறையின் மூலையில் சாக்குக்கு அடியில் ஒரு பிளாக் கிடந்தது. பக்கவாட்டில் பெரிய ஓட்டை, எங்கும் கரி எண்ணெய். ஒரு பார்வைதான் பார்த்தேன். செத்தவர் முகத்தை அதற்குமேல் எப்படிப் பார்ப்பது? சாக்கைப் பழையபடி மூடிவிட்டேன். பிஸ்டனைப் பிடித்திருக்கிற ராடு கழன்றது என்றால் அதன் போல்ட் இறுகவில்லை என்று பொருள். அந்தப் போல்ட்டை இறுக்கியவன் நான்.

அந்த இடத்தில்தான் சகலை என்னை மன்னித்தார். அவருடைய பட்டறை, அவருடைய உழைப்பு, அவருடைய பித்தளை, எல்லாம் என் கை செய்த தவறால் போயிற்று; ஆனாலும் மன்னித்தார். "யாபாதே, சகல. எல்லாருக்கும் ஒரு நாள் கை தவறும்" என்றார். கோயில் திருவிழாவில், கல்யாண வீட்டில், என்னை வைத்துக்கொண்டே பிறரிடம் சொல்வார், "பாவம், அவன்மேல தப்பே இல்ல. போல்ட்டு கொஞ்சம் லூசா இருந்திருக்கு, அவ்வளவுதான். அதைப் போய் யாரும் அவன்கிட்டக் கேக்காதீங்க." கேட்காதவர்களும் அதன் பிறகு கேட்டார்கள்.

காருக்கு ஒரு சின்ன ஜப்பான் இஞ்சினை அவரே பார்த்துப் போட்டார். அவரே ஓட்டினார். அந்த நீள மூடிக்கு அடியில் அது தையல் மிஷின் மாதிரி சத்தம் போட்டது. எனக்கு ஏறி உட்காரப் பிடிக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

எனக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். கராஜில் ஒரு போல்ட்டை இறுக்கிவிட்டு நகர்வேன்; திரும்ப வந்து இறுக்குவேன்; பஸ் கிளம்பிய பிறகு ஓடிப்போய் நிறுத்தி இன்னொரு தடவை பார்ப்பேன். அதிகம் இறுக்கி ஒரு போல்ட்டை முறித்தும்விட்டேன். வீட்டில் அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று படியேறி இறங்குவேன். கடைசியில் நானே போய், என்னை இஞ்சின் வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். கிரீஸ் அடிக்கவும் டயர் மாற்றவும் போட்டார்கள். இருபது வயதிலிருந்து இஞ்சினைத் தவிர வேறு எதையும் தொடாத கை அது. என் கையை எனக்கே பிடிக்காமல் போயிற்று. எனக்கு நடந்ததில் மோசமானது இதுதான். வண்டி போன துக்கம்கூட இதற்கு அடுத்துதான்.

அடுத்த மழைக்காலம் முடிந்த சமயம். ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் ஒரு சின்ன அரிசி மில்லில் பெல்ட்டும் பேரிங்கும் மாற்ற ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இஞ்சினைத் தொட மாட்டேன் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். கருவிப் பையோடு ஆற்றைக் கடக்கிற கப்பலில் ஏறி, காடை முட்டை விற்பவளுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடு ஆற்றில் போகும்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

டீசல் சத்தம் இல்லை. கனமான, சீரான, அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். அதற்குள்ளே ஒரு டிக் டிக்.

திரும்பிப் பார்த்தேன். நீளமான ஒரு மரப்படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எங்கள் கப்பலைத் தாண்டிப்போனது. முட்டைக்காரி காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷம். ஓடுகிறது, உடையவில்லை, நான் இறுக்கிய போல்ட் இறுகித்தான் இருக்கிறது! கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். கப்பல் கரை சேர்வதற்குள் மற்றது புரியத் தொடங்கிவிட்டது. அப்படியானால் சாக்குக்கு அடியில் நான் பார்த்தது எந்த பிளாக்?

படகு டாலா துறையில்தான் கட்டியிருந்தது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த பர்மிய ஓட்டியிடம், நான் மெக்கானிக், இஞ்சினைப் பார்க்கலாமா என்று பர்மியத்தில் கேட்டேன். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பலகையைத் தூக்கிக் காட்டினான். பிளாக்கின் பக்கவாட்டில் பித்தளை வட்டங்கள் மின்னின.

"முதலாளி இறால் வியாபாரம் பண்றார், ஸயா" என்றான். கைத்தொழில் தெரிந்தவனை அங்கே ஸயா என்பார்கள். "டீசல் படகுல வந்தா ஐஸ் கரைஞ்சிடுது. இதுல வந்தா பாதி நேரம். பெட்ரோல் நிறையக் குடிக்கும். அதெல்லாம் முதலாளிக்குக் கிடைக்கும். படகுக்குன்னே செஞ்ச இஞ்சின் இது. ஷ்வேப்யிதாவில் ஒரு ஸயா இருக்கார், அவர்தான் எல்லாம் பார்த்துச் செஞ்சு கொடுத்தார்."

"படகுக்குன்னே என்றால்?"

"புகைக் குழாய் சூடாகாமல் இருக்க அதற்குள்ளே ஆத்துத் தண்ணியை விடறோம் இல்லையா? கார் கேம் போட்டால் மெதுவாக ஓடும்போது அந்தத் தண்ணியை இஞ்சின் திரும்ப உள்ளே உறிஞ்சிடுமாம். அதனால் ரெண்டு வால்வும் சேர்ந்து திறக்காத கேமாகத் தேடி வெளிநாட்டிலிருந்து வரவழைச்சாராம். முதலாளி அதுக்காகவே காத்திருந்தார். போன வருஷம் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னாலேயே பேசி முடிச்சது."

தண்ணீர்த் திருவிழா கோடையில் வரும். நானும் சகலையும் தகரத்தின் கீழே உட்கார்ந்து கேம் பேசியது அதற்குப் பிறகு வந்த மழையில். அதாவது அவர் எனக்கு முதல் காரணம் சொல்வதற்கு முன்பே இஞ்சின் விலைபோய்விட்டது. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல், சூலே நெரிசல், பிரேக், கொழுந்தியா, எல்லாம் படகுக்காகப் பேசிய பேச்சு. பித்தளையும் ஆற்றுத் தண்ணீருக்காகக் கடைந்தது. என் பெரிய கேமை அவர் ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாக என் கையிலிருந்து பிடுங்கினார். அவர் வாங்கிவைத்த வடையைத் தின்றுகொண்டே நான் கொடுத்தேன்.

"ஒரே ஒரு குறை, ஸயா. வந்த நாளிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். ஷ்வேப்யிதா ஸயாவைக் கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்கிறார். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். இடப்பக்க வரிசை, மூன்றாவது. கருவிப் பையைத் திறந்தேன். ஏன் செய்தேன் என்று மனைவி பிறகு கேட்டாள். அரைகுறையாக விட்டுவிட்டுப் போன வேலை, முடிக்காமல் எப்படி வருவது? வால்வு மூடியைக் கழற்றி, அளவுத் தகட்டை நுழைத்து, அது எண்ணெயில் லேசாக உரசிக்கொண்டு வரும்வரை திருகினேன். மூடினேன். ஓட்டி இஞ்சினைப் போட்டான். டிக் டிக் போய்விட்டது. ஆறு முழுக்க அந்தக் கனமான, சீரான சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் படகுக்கு அதைவிடப் பொருத்தமான கேம் கிடையாது. ஓட்டி என் தோளில் தட்டினான்.

வீட்டில் சொன்னபோது மனைவி முதலில் நம்பவில்லை. கடைசியில், "இனிமே அக்கா வீட்டுக்கு நான் எந்த முகத்தோட போறது? தப்பு அவங்க பக்கம், ஆனா போக முடியாதது நான்தானே?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷ்வேப்யிதாவுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே சகலை லேத்தை நிறுத்தினார். டாலாவில் பார்த்ததைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கேமைப் பத்தி நான் சொன்னதுல எது பொய், சகல? நீயே சொல்லு. பெரிய கேம் போட்டிருந்தா இந்த ஊர்ல ஓடியிருக்குமா?"

"ஓடியிருக்காது" என்றேன். "அந்த ஓட்டை விழுந்த பிளாக்கு யாரோடது?"

"அது பழைய லாரி பிளாக்கு." அப்புறம் அவர் குரல் மாறிற்று. இனிப்பு போய், ஆபீஸில் பேசுகிற குரல் வந்தது. "இந்தா பாரு. அது என் பேர்ல இருக்கிற வண்டி. நான் என்ன செஞ்சாலும் எவனும் கேக்க முடியாது. நீ எங்க போய்ச் சொல்லுவ? எந்தக் கார்டைக் காட்டுவ?"

தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மனைவியின் அக்காள் உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நான் கத்துவேன் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். வழியெல்லாம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்கிவைத்திருந்தேன். ஒன்றே ஒன்றுதான் வந்தது.

"இஞ்சினை வித்தீங்க, போகட்டும். அந்தக் கேமை என்னை வச்சே எடுக்க வச்சீங்க, அதுவும் போகட்டும். என்னை எதுக்கு மன்னிச்சீங்க?"

அவர் விழித்தார்.

"ஊர்ல ஒருத்தர் விடாம கூப்பிட்டு, என்மேல தப்பில்லன்னு சொன்னீங்களே. அதைச் சொல்லாம இருந்திருக்கலாமே. திருடு போச்சுன்னு சொல்லியிருந்தாக்கூட நான் நம்பியிருப்பேன். என் கையை எதுக்கு எடுத்தீங்க?"

யாபாதே என்று சொல்ல வாய் திறந்தார் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை. டீயை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருக்கும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். வெளியே அந்த நீள வண்டி வெயிலில் நின்றது. அதைத் தொடவில்லை.

மறுநாள் கராஜில் போய், என்னைத் திரும்ப இஞ்சினில் போடுங்கள் என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு, பிரித்துக் கிடந்த ஒரு பழைய லாரி இஞ்சினைக் காட்டினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அதைக் கோத்து முடித்தேன். ராடு போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். கடைசிப் போல்ட்டை இறுக்கியதும் கை தானாகத் திரும்ப முதல் போல்ட்டுக்குப் போயிற்று. பாதி வழியில் நிறுத்தினேன். ஸ்பேனரைத் துடைத்து, பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.